ஓரெழுத்துப் பெயர்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாத்தனார் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து டீப்பாயின் மேல் விரித்து, பறக்காமலிருக்க அதன் தலைமாட்டில் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி வைத்தாள். அறுபத்திரண்டு பெயர்கள். பாலர் பள்ளியில் இருபத்தேழு வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவள். பெண்குழந்தைகளுக்கு வைக்கிற பெயர் எதுவானாலும் அவள் வாய்வழியாக ஒருமுறையாவது போய் வந்திருக்கும். அகரவரிசையில் அடுக்கி, தனக்குப் பிடித்தவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் போட்டிருந்தாள். "ஃபாரம் எங்க?" என்றாள், பரீட்சை ஹாலில் விடைத்தாள் கேட்கிற தோரணையில்.

ஃபாரம் அவள் தம்பியின் மடியில் இருந்தது. நாளை மாலை நாலு மணிக்குள் அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்து வரவழைத்த குழந்தைக்கு இங்கே போடுகிற முதல் பதிவு அது. பழைய பெயரையே வைக்கலாம், புதிதாகவும் வைக்கலாம். ஆனால் ஒருமுறை கட்டத்தில் ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவதற்கு அலைகிற அலைச்சலில் குழந்தைக்கே கல்யாண வயது வந்துவிடும் என்று அலுவலகத்து குமாஸ்தா சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தத் தம்பியின் மனைவியை, அந்த வீட்டு மருமகளை, அடுக்குமாடியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசிக்காரி என்றால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை. விடிகாலையில் அவள் முன்னால் கையை நீட்டாதவர்கள் அந்தக் கட்டடத்தில் குறைவு. நாலாவது மாடிக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு, அவர் மனைவியிடம் எவ்வளவு என்று சொல்லி வைத்திருக்கிறார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டாள், அது வேறு விஷயம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காகிதத்தில் சுற்றி நீட்டுகிற டப்பாக்களை அவள் சாவிக்கொத்து வாங்குவதுபோல வாங்கி வைப்பாள். சளி, சீழ், மலம், எதற்கும் முகம் சுளித்ததில்லை. அருவருப்பு என்ற ஒன்று தன்னைவிட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று வாரமாகத் திரும்பி வந்திருந்தது, ஆட்களின் ரூபத்தில்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் குழந்தை வந்தது. நாலு வயது. வந்த மறுநாளே கட்டடம் முழுக்க வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. முகவாயை நிமிர்த்திப் பார்த்தவர்கள், காதுமடலை மடித்துப் பார்த்தவர்கள், "முடி நம்ம முடி மாதிரி இல்லையே" என்று இழுத்தே பார்த்த ஒருத்தி. மாமியார் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு, "நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டு, ஒரு வாடை அடிக்குது" என்றாள். விமானத்தில் பதினொரு மணிநேரம் உட்கார்ந்து வந்தால் மாமியார் மட்டும் மல்லிகையாக மணப்பாளா என்று ஊசிக்காரி நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டதோடு சரி.

பெயரில்தான் முதல் சிக்கல். காகிதங்களில் ஆங்கில எழுத்தில் நீளமாக ஒன்று இருந்தது. கணவன் எங்கெங்கோ தேடிப் பார்த்து, அது "கை" என்று தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தான். எட்டு மாதம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் பழகினார்கள், பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் மாதிரி. குழந்தை விமான நிறுவனத்து ஆளோடு வந்து இறங்கியதும் கணவன் விமான நிலையத்தில் முட்டிபோட்டு, கையை விரித்து, பழகிய பெயரை ராகத்தோடு சொன்னான். குழந்தை அவனைத் தாண்டி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டடத்தில் விஷயம் பரவியபோது பக்கத்து வீட்டு பென்ஷன்காரர், "கை வந்தாச்சு, கால் எப்ப வருது?" என்று கேட்டுத் தானே சிரித்தார். மூன்று வாரமாகப் படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் அதையே கேட்கிறார்.

இரண்டாவது சிக்கல்தான் ஊசிக்காரியைத் தூங்கவிடாமல் அடித்தது. குழந்தை பேசிய ஒரே சொல், "சீ".

முதல் நாள் சோற்றைப் பிசைந்து வாயருகில் கொண்டுபோனபோது, தன் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டி, "சீ" என்றது. குளிப்பாட்டத் தூக்கினாள், "சீ". தலை வாரிவிட்டாள், கண்ணாடியில் அவளைப் பார்த்து, "சீ". உலகத்தில் யார் யாருடையதையோ கையில் வாங்குகிற தன்னைப் பார்த்து ஒரு நாலு வயதுப் பிள்ளை அருவருக்கிறது என்பதை ஊசிக்காரியால் தாங்க முடியவில்லை. கையில் ஸ்பிரிட் வாசனை வருகிறதோ என்று சோப்பை மாற்றினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாமியார் அவ்வளவு நாசூக்கு பார்க்கவில்லை. "வந்ததும் வராததுமா நம்மளப் பாத்து சீங்குது பாரு. திமிர் புடிச்சது" என்றாள். அதைவிட அவளுக்குப் புரியாதது இன்னொன்று. குழந்தை செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் வீட்டில் யாராவது, "சீ! கீழ போடு" என்பார்கள். எந்தப் பிள்ளையும் முகம் சுண்டும். இது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. சில சமயம் செருப்போடு ஓடியே வந்தது. "சூடு சொரணை கிடையாது. எத்தனை சீ சொன்னாலும் பல்லைக் காட்டுது" என்று மாமியார் போனில் மகளிடம் சொன்னாள். ஊசிக்காரியும் சொல்லியிருக்கிறாள் அந்தச் சொல்லை. கழிப்பறைத் தண்ணீரில் குழந்தை கையை விட்டபோது, தரையில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டபோது. அப்போதெல்லாம் அது அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யாரோ விளக்கைப் போட்டதுபோல.

இப்போது ஹாலில் கூட்டம் களைகட்டியிருந்தது. மாமியார் சோபாவின் நடுவில். நாத்தனாரும் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு அவள் மகளும் ஒரு பக்கம். கொழுந்தன் தரையில் சம்மணமிட்டு. பென்ஷன்காரர் செய்தித்தாள் வாங்க வந்தவர், டீயைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். குழந்தை ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊசிக்காரி கொடுத்த மருந்துச் சீசா மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. யாருக்குப் பெயர் வைக்கிறார்களோ அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க அம்மா பேரு வைக்கலாம்னு இருந்தேன்" என்றாள் மாமியார். "அப்புறம் யோசிச்சேன். நம்ம ரத்தத்துக்கு ஒண்ணு பொறந்தா வேணுமில்ல?"

"நம்ம ரத்தம் ஏதும்மா இனிமே" என்றான் கொழுந்தன். அவனுக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை. பேனா மூடியால் காதைக் குடைந்து, நுனியைப் பார்த்து, மூடியைப் பேனாவில் மாட்டி, பேனாவை அண்ணன் மடியிலிருந்த ஃபாரத்தின் மேலேயே வைத்தான். ஊசிக்காரி அதைப் பார்த்துக்கொண்டே டீ ஊற்றினாள். நிலையத்தில் இப்படி ஒரு மூடியை யாராவது வைத்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள் போடுவாள்.

"ஒண்ணுதான் கண்டிஷன்" என்றாள் நாத்தனார். "பேரைக் கேட்டா வெளிய இருந்து வந்ததுன்னு தெரியக்கூடாது. மூஞ்சியத்தான் மறைக்க முடியாது, பேரையாவது மறைப்போம்."

"அதுவும் சரிதான்" என்று பென்ஷன்காரர் டீயில் பிஸ்கட்டை முக்கினார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டு எடுத்துச் சப்பினார்.

ஒவ்வொரு பெயராக வந்தது. ஒன்று யாரோ ஓடிப்போன பெண்ணின் பெயர், வேண்டாம். ஒன்று வேலைக்காரிக்கு இருக்கிறது, கூப்பிட்டால் இரண்டு பேரும் வருவார்கள். ஒன்றைச் சுருக்கினால் கெட்ட வார்த்தை மாதிரி கேட்கும் என்று கொழுந்தன் சுருக்கியே காட்ட, நாத்தனாரின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புகார்களை வாங்கி அடுக்குகிறவன். தலையாட்டுவது தொழில் வழக்கம்.

"ஒரே சத்தமா இருக்கு, புள்ளைக்கு ஏதாவது போட்டு விடுங்கடா" என்றாள் மாமியார், சத்தத்துக்கு முக்கால் காரணம் தான்தான் என்பது தெரியாமல். கொழுந்தன் அண்ணன் போனை எடுத்துத் தடவினான். "அண்ணி, அந்தக் குழந்தைங்க ஹோம்ல இருந்து அனுப்புன வீடியோ இருக்கே, அதையே டிவில போடுறேன். அது மூஞ்சிய அதுவே பாக்கட்டும்."

அந்த வீடியோ ஊசிக்காரிக்கு மனப்பாடம். நாற்பது விநாடி. ஒரு நீளமான முற்றம், கொடியில் காய்கிற சின்னச் சின்ன உடுப்புகள், தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குழந்தை. எட்டு மாதமாக, ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரம் ஓடி முடிகிற வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நூறு தடவை பார்த்திருப்பாள். ஆனால் நிலையத்தில் போனில் சத்தம் வைக்கக் கூடாது. வீட்டில் பார்க்க நேரம் இருந்ததில்லை. சத்தத்தோடு அதை அவள் பார்த்ததே இல்லை. கணவன் ஒருமுறை கேட்டிருக்கிறான். "யாரோ ஆயாம்மா திட்டுற மாதிரி இருக்கு, நீ கேக்காத" என்றான். அவளும் கேட்கவில்லை.

டிவியில் முற்றம் வந்தது. காற்று மைக்கில் மோதுகிற இரைச்சல். அப்புறம் படத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல், கரகரத்த குரல், உரக்க: "சீ! சீ! சீ...!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. "அடப் பாவமே" என்று பென்ஷன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்கயும் நாய வெரட்டுற மாதிரிதான் வெரட்டிருக்காங்க." மாமியார், "அதான் பழகிப்போச்சு கழுதைக்கு" என்றாள்.

டிவிக்குள் இருந்த குழந்தை திரும்பியது. ஊசிக்காரி நூறு தடவை பார்த்த அதே திரும்பல், அதே எழுந்து ஓடி வருதல். இந்தத் தடவை அது எதற்காகத் திரும்புகிறது என்பது காதில் கேட்டது. ஜன்னலோரத்துக் குழந்தையும் திரும்பியது. மூடிகள் சிதற எழுந்து டிவியை நோக்கி ஓடி, நெஞ்சில் பட்பட்டென்று தட்டி, "சீ! சீ!" என்று திரைக்குப் பதில் சொன்னது. குரல் நின்றுபோனதும் டிவிக்குப் பின்னால் போய்த் தேடியது. ஒயர்களுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தக் குரலுக்குரியவள் நிற்கிறாளா என்று.

நிலையத்தில் புதிதாக வருகிற பெண்களுக்கு ஊசிக்காரி சொல்லித் தருகிற முதல் பாடம் ஒன்று உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பெயரை நீ சொல்லாதே. நீ சொன்னால் பாதிப்பேர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள், பயத்தில், காது கேட்காமல், அல்லது சீக்கிரம் போனால் போதும் என்று. அவர்களையே சொல்ல விடு. சொன்னதைக் கேள். அப்புறம் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டு. பதினாறு வருடத்தில் அவள் ஒருத்தர் ரத்தத்தில் இன்னொருத்தர் பெயரை ஒட்டியதில்லை. இங்கே ஒரு பிள்ளை மூன்று வாரமாக, ஒரு நாளைக்கு இருபது தடவை, நெஞ்சில் தட்டித் தட்டித் தன் பெயரைச் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் கணவன் "கை" என்று படித்த எழுத்துகளின் உண்மையான ஓசை அதுதான். அவள் சோப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அது அவ பேரு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. கெட்டிலை வைத்துவிட்டு மறுபடி சொன்னாள். "வெரட்டல. பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. அவ பேரு அதுதான்."

"எது?" என்றாள் நாத்தனார்.

ஊசிக்காரி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நாற்பது வருடமாக அந்தச் சொல்லை அவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். "இப்ப டிவில கேட்டுச்சில்ல, அது" என்றாள்.

முன்னைவிடப் பெரிதாகச் சிரிப்பு. கொழுந்தன் தரையில் சாய்ந்தே விட்டான். "அண்ணி, நெனச்சுப் பாருங்க, ஸ்கூல்ல டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்குது. அந்தப் பேரு வரும்போது பக்கத்து பெஞ்சுப் புள்ள அழுதுரும்."

"கல்யாணப் பத்திரிகைல எப்படிப் போடுறது?" என்றாள் நாத்தனாரின் மகள்.

"மாப்பிள்ளை தினமும் பொண்டாட்டியக் கூப்புடுறதே திட்டுற மாதிரி இருக்கும். ஒரே வேலையாப் போச்சு" என்றார் பென்ஷன்காரர்.

கணவன் மட்டும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலுக்கு வந்து தணிந்த குரலில், "இரும்மா. நீ சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா தெருவுல நின்னு அப்படிக் கூப்பிட முடியுமா உன்னால? அம்மாவே சீன்னு சொல்றா பாருன்னு பேச மாட்டாங்களா? நமக்குள்ள வேணா வச்சுக்குவோம். எழுதுறது நல்லதா ஒண்ணு எழுதிருவோம். நாளைக்கு நாலு மணி" என்றான்.

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். அந்தப் பெயரோடு ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் இந்த ஹாலில் சிரித்ததைப்போல ஆயிரம் ஹால்கள் சிரிக்கும். வேறு பெயர் வைத்தால், இருந்த ஒரே சொந்தப் பொருளையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டதாகும். ஊசிக்காரி ஹாலுக்கு வந்து, குனிந்து தாளைப் பார்த்தாள். அறுபத்திரண்டில் ஒன்று அவளுக்குப் பிடித்தது. விடிகிற நேரத்தைக் குறிக்கிற பெயர், பக்கத்தில் நட்சத்திரம் வேறு. சின்னது, அதைச் சுருக்கிக் கூப்பிட்டால் பழைய பெயரின் ஓசைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். பழகிக்கொள்ள முடியலாம். அதன்மேல் விரலை வைத்தாள். "இது வேணும்னா..."

நாத்தனார் சட்டென்று தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"ஐயோ, அது இல்லம்மா. அத அடிக்க மறந்துட்டேன்." மகளின் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை போனது. "அது இவளுக்குப் பொறக்கப்போறதுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்து வச்சது. ரெண்டு வருஷமா மனசுல இருக்கு. இதுக்குப் போய் வச்சு வீணாக்கிராத. நட்சத்திரம் போடாததுல ஏதாவது பாரேன், நெறய இருக்கு."

சொல்லிவிட்டு, கொழுந்தன் காது குடைந்த பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அந்தப் பெயரின்மேல் பத்திரமாக ஒரு கோடு போட்டாள். மாமியார், "அதான, மீந்ததே அறுபத்தொண்ணு இருக்கே" என்றாள். மகள் மேலாடையை வயிற்றின்மேல் இழுத்து மூடிக்கொண்டாள், யாரோ தட்டிப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பென்ஷன்காரர் கிளாஸின் அடியில் ஊறிக் கிடந்த பிஸ்கட் சேற்றை விரலால் வழித்தார். கணவன் தலையாட்டினான்.

ஊசிக்காரியின் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. எந்த டப்பாவைத் திறந்தபோதும் வராதது. தொண்டைக்கு வந்து, மூக்கைச் சுருக்கி, மேலுதட்டைத் தூக்கிக்கொண்டு, அவளைக் கேட்காமலே வெளியே விழுந்தது.

"சீ!"

நல்ல உரத்த குரல். கீழ்வீட்டு ஜன்னல்கூடத் திறந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். மாமியாரின் வாய் திறந்தபடி இருந்தது. பென்ஷன்காரரின் விரல் வாய்க்கும் கிளாஸுக்கும் நடுவில். பதினாலு வருடத்தில் அந்த மருமகள் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

டிவிக்குப் பின்னாலிருந்து குழந்தை வெளியே வந்தது.

தலையெல்லாம் ஒட்டடை. ஒரு காலில் ஒயர் சிக்கி, உதறிவிட்டு, கால்களுக்கும் நாற்காலிகளுக்கும் இடையில் புகுந்து நேராக ஊசிக்காரியின் முன்னால் வந்து நின்றது. வந்துவிட்டேன், என்ன வேண்டும் என்று அண்ணாந்து பார்த்தது. ஊசிக்காரியின் முகத்தில் அது இன்னும் அப்படியே இருந்தது, சுருங்கிய மூக்கும் தூக்கிய உதடுமாக. கலைக்க மறந்திருந்தாள். குழந்தை அந்த முகத்தைப் பார்த்தது. சிரிக்கவிருந்த வாய் பாதியில் நின்றது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக முகம். பின்னால் நாத்தனார் மகளிடம் கிசுகிசுக்கிற குரல் கேட்டது: "யாரச் சொன்னாடி இப்ப? நம்மளயா, புள்ளயயா?"

ஊசிக்காரி மறுபடி சொல்லப் பார்த்தாள். உதடு பிரிந்ததுமே மூக்கு தானாக மேலே ஏறியது. நிறுத்தினாள். மூச்சை விட்டுவிட்டு இன்னொரு முறை தொடங்கினாள், மறுபடியும் ஏறியது. குழந்தை தூசி படிந்த ஆள்காட்டி விரலை நீட்டி, மூக்கின்மேல் விழுந்திருந்த மடிப்பில் வைத்து, காகிதத்தில் விழுந்த மடிப்பை நீவுவதுபோல மெதுவாகக் கீழ்ப்பக்கமாக நீவியது. விரலை எடுக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.